அவசர சிகிச்சையில் அல்ட்ராசவுண்டும் அதைக் கற்பித்தலும்

அவசர சிகிச்சை மருத்துவரே நோயாளியின் படுக்கையருகில் ஸ்கேன் செய்து, அங்கேயே முடிவெடுக்கும் முறை படுக்கையோர அல்ட்ராசவுண்டு. கதிரியல் துறையின் ஸ்கேன் உறுப்பு உறுப்பாக ஆராயும். இதுவோ ஒரே கேள்விக்கு விடை தேடும்: வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறதா? இதயத்தைச் சுற்றி நீர் கோத்திருக்கிறதா?

விபத்தில் அடிபட்டவருக்குச் செய்யும் ‘ஃபாஸ்ட்’ பரிசோதனையில் நான்கு இடங்களைப் பார்ப்பார்கள்: கல்லீரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் நடுவே, மண்ணீரலைச் சுற்றி, இடுப்புக்குழி, இதய உறை. தேங்கிய ரத்தம் திரையில் கறுப்பாகத் தெரியும். சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் எதுவும் தெரியவில்லை என்பதற்காகக் காயமே இல்லை என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. குடல் காயம் இதில் தப்பிவிடக்கூடும்.

காற்று ஒலியலையைச் சிதறடிப்பதால் நுரையீரலை அல்ட்ராசவுண்டில் பார்க்கவே முடியாது என்று நெடுங்காலம் நம்பினார்கள். அந்தச் சிதறலிலேயே நோய்க்கு ஏற்ற கோலங்கள் உண்டு என்று காட்டியவர் பிரெஞ்சுத் தீவிர சிகிச்சை மருத்துவர் டேனியல் லிக்டென்ஸ்டைன். மூச்சுத்திணறலின் காரணத்தை நுரையீரல் ஸ்கேனால் அறியும் அவருடைய ‘ப்ளூ’ நெறிமுறை 2008இல் வெளிவந்தது.

அதன் பயன் திருவண்ணாமலை போன்ற ஊருக்கு நேரடியானது. சுமார் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், பெரிய கோயிலுக்கு மலையின் மறுபுறம், மேற்கே இருக்கிறது அடி அண்ணாமலை. பௌர்ணமி இரவில் அங்கே ஒரு முதியவர் மூச்சுத்திணறி விழுந்தால், கூட்டத்தைத் தாண்டி அவரை வெளியே கொண்டுவருவதற்கே நேரம் பிடிக்கும். மருத்துவமனை சேர்ந்தபின் நுரையீரலில் நீர் கோத்ததா, ஆஸ்துமாவா என்று தயங்க அவகாசம் இல்லை. இரண்டுக்கும் மருந்து வேறு. நெஞ்சில் ஸ்கேன் கருவியின் புரோப்பை வைத்தால் அந்தக் குழப்பம் பெருமளவு தீரும்.

வைப்பவருக்குப் பயிற்சி இருக்கவேண்டும். அமெரிக்காவில் 1994இலேயே ஜேம்ஸ் மேட்டீர் குழு இதற்கு மாதிரிப் பாடத்திட்டம் வகுத்தது. 2001இல் அந்நாட்டு அவசர மருத்துவர் கழகம் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டு, ஒவ்வொரு வகை ஸ்கேனையும் பலமுறை செய்து பழக வேண்டும் என்றது. இந்திய மருத்துவக் கவுன்சில் அவசர மருத்துவத்தைத் தனித்துறையாக ஏற்றதே 2009இல்தான். டெல்லி எய்ம்ஸில் சஞ்சீவ் போய் குழுவினர், பயிற்சி பெற்ற அவசர மருத்துவர்களின் ‘ஃபாஸ்ட்’ முடிவுகளைக் கதிரியல் மருத்துவர்களின் முடிவுகளோடு ஒப்பிட்டு 2013இல் வெளியிட்டார்கள். வேறுபாடு பெரிதாக இல்லை. கற்பித்தால் வரும் என்பதற்கு நம் நாட்டுச் சான்று அது. அதற்குமுன் 2012இல், வேலூர் சி.எம்.சி.யின் சுரேஷ் டேவிட் தொகுத்த அவசர மருத்துவப் பாடநூல் இரண்டு தொகுதிகளாக வந்திருந்தது.

இந்தியாவில் இந்தக் கல்விக்கு இன்னொரு பாடமும் உண்டு: சட்டம். கருவில் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி ஸ்கேன் கருவியும் அது இருக்கும் இடமும் பதிவாக வேண்டும். கையடக்கக் கருவிக்குக் கட்டுப்பாடு இன்னும் கூடுதல். 2014 விதிகள் எம்.பி.பி.எஸ். மருத்துவர்களுக்கு ஆறு மாதப் பயிற்சியை வகுத்தன. நுரையீரலை மட்டுமே பார்க்கும் மருத்துவருக்கு இது சுமைதான். ஆனால் பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க நேர்ந்த மாநிலம் தமிழ்நாடு. 2011 கணக்கெடுப்பிலும் ஆறு வயது வரையுள்ள 1,000 ஆண் குழந்தைகளுக்கு இங்கே 943 பெண் குழந்தைகளே இருந்தார்கள். சட்டத்தைத் தளர்த்தச் சொல்ல இந்த எண் இடம் தராது. அவசர மருத்துவப் பட்டமேற்படிப்பிலேயே ஸ்கேன் பயிற்சியை முறையாகச் சேர்த்து, மாணவர் எடுக்கும் படங்களைச் சேமித்து மூத்தவர் திருத்தும் வழக்கத்தை எல்லா அரசுக் கல்லூரிகளுக்கும் கொண்டுபோவதே நேர்வழி.