தங்கவயலின் மூச்சுக் கணக்கு

கோலார் தங்கவயலைப் பற்றி எழுதுகிறவர்கள் சில எண்களை விடாமல் சொல்வார்கள். 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் அங்கே காலூன்றியது, 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது, சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது, ஏறத்தாழ 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் வெட்டியெடுக்கப்பட்டது, 2001 பிப்ரவரி 28 அன்று எல்லாம் மூடப்பட்டது. பெரும்பாலான கட்டுரைகள் அந்தத் தேதியோடு முடிந்துவிடும். நிறுவனத்தின் பேரேட்டுக்கு அது பொருத்தமான முடிவுதான். ஆனால் பாறையைக் குடைந்தவர்களின் உடம்பு அந்தப் பேரேட்டின்படி நடக்கவில்லை. சுரங்க வேலையின் பெருங்கேடு வேலையில் இருக்கும்போது பாதிதான் தெரியும். மீதி, கணக்கு முடித்துக்கொண்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்த பிறகு வரும். அதனால் தங்கவயலின் வரலாற்றை ஓய்வுபெற்றவர்களின் முதுமையிலிருந்து பின்னோக்கிப் படித்தால்தான் அது முழுமையாகும் என்று நினைக்கிறேன்.

அங்கே இறங்கியவர்களில் பெரும்பகுதியினர் தமிழர்கள். வட ஆர்க்காடு, சேலம் பக்கத்து வறண்ட ஊர்களிலிருந்து போனவர்கள். அவர்களில் மிகப் பலர் தலித் மக்கள். ஊரில் பண்ணையாரிடம் கட்டுண்டு கிடந்தவர்களுக்குக் கையில் காசாகக் கூலி கிடைக்கும் இடம் என்பதே பெரிய விடுதலையாக இருந்தது. அந்த ஈர்ப்பைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. சிக்கல் கூலியில் மட்டும் இல்லை, பாறையிலேயே இருந்தது. கோலாரில் தங்கம் குவார்ட்ஸ் எனப்படும் வெண்கல் நரம்புகளுக்குள் கலந்து கிடக்கிறது. அந்த வெண்கல் முழுக்கச் சிலிக்கா. அதைத் துளைத்து, வெடிவைத்து, அள்ளி, அரைத்தால்தான் தங்கம் பிரியும். தொடக்க காலத்தில் ஒரு டன் பாறைக்கு 40 கிராமுக்கு மேல் தங்கம் கிடைத்தது என்பார்கள். கடைசிக் காலத்தில் அது சில கிராமாகச் சுருங்கிவிட்டது. அதாவது, ஆண்டுகள் போகப் போக ஒவ்வொரு கிராம் தங்கத்துக்கும் உடைக்க வேண்டிய பாறை பல மடங்கு பெருகியது. நீர் பாய்ச்சித் துளையிடும் முறையும் காற்றோட்ட வசதிகளும் தூசியைக் குறைத்தன என்பது உண்மை. ஆனாலும் மெலிந்த தாதுவும் கூடிய ஆழமும் வெப்பமும் மனித உடம்பிடம் கேட்ட விலை ஏறிக்கொண்டேதான் இருந்தது.

நுரையீரலில் கேடு செய்வது கண்ணுக்குத் தெரிகிற தூசியல்ல. ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கும் இல்லாத நுண்துகள்கள்தான் நுரையீரலின் ஆழத்துக்குள் போய்த் தங்குகின்றன. அவற்றை விழுங்கி அழிக்கப் பார்க்கும் உயிரணுக்கள் தாமே மடிகின்றன. அந்த இடத்தில் வடு கட்டுகிறது. வடு வடுவாகச் சேர்ந்து, பஞ்சுபோல் இருக்க வேண்டிய நுரையீரல் இறுகிப்போகிறது. இதுதான் சிலிகோசிஸ். வழக்கமாக இது தலைகாட்டப் பத்து, இருபது ஆண்டுகள் ஆகும். தூசியை விட்டு விலகிய பின்னும் வடு வளர்வது நிற்காமல் போகலாம். இருபது வயதில் இறங்கியவர் நாற்பத்தைந்தில் மாடிப்படி ஏறத் திணறுவார், அறுபதில் கிணற்றடிக்கு நடக்க முடியாமல் போவார். இந்தியாவில் இந்த நோய் பற்றிய முதல் பெரிய ஆய்வே தங்கவயலில்தான் நடந்தது. 1940களில் 7,600க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைச் சோதித்ததில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் சிலிகோசிஸ் இருந்ததாக 1947இல் வெளியான முடிவு சொன்னது. இந்த எண் போதுமான அளவு பயங்கரமானது. ஆனால் இதுகூடக் குறைவான மதிப்பீடு என்றே கருத வேண்டும். பணியில் இருப்பவர்களைச் சோதிக்கும் ஆய்வில், மூச்சு வாங்கி வேலையை விட்டுப் போனவர்கள் இருக்க மாட்டார்கள். நோய் முற்றியவர்களை ஏற்கெனவே ஊருக்கு அனுப்பிவிட்டு, மிஞ்சியவர்களை எண்ணியதில் வந்ததுதான் அந்த நாற்பது.

அந்தக் காலத்தில் இதெல்லாம் யாருக்குத் தெரியும் என்று ஒரு வாதம் வரும். தெரிந்திருந்தது. தங்கவயலின் ஐரோப்பியச் சுரங்க மேலாளர்களிலும் கண்காணிகளிலும் பலர் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து வந்தவர்கள். அந்தக் கார்ன்வாலின் சுரங்கத் தொழிலாளர்கள் இளவயதிலேயே ஏன் சாகிறார்கள் என்று உடலியல் அறிஞர் ஜே. எஸ். ஹால்டேன் குழுவினர் ஆராய்ந்து, துளைக்கருவிகள் கிளப்பும் கல்தூசிதான் காரணம் என்று 1904இலேயே அறிக்கை கொடுத்துவிட்டார்கள். 1930இல் ஜோகன்னஸ்பர்க்கில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு சிலிகோசிஸுக்கென்றே ஒரு மாநாடு கூட்டியது. அதே 1930இல் தங்கவயலில் என்ன நடந்தது? தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவு செய்ய நிறுவனங்கள் முனைந்தன, அதை எதிர்த்துப் பெரிய வேலைநிறுத்தம் வெடித்தது. தங்கம் திருட்டுப் போகாமல் காக்க உடம்பின் அடையாளத்தைச் சேகரிக்கும் அக்கறை, அந்த உடம்புக்குள் போகும் தூசியை அளக்கும் அக்கறையைவிட முந்திக்கொண்டது.

இன்னொரு மறுப்பு கொஞ்சம் வலுவானது. பீடி, சாராயம், நெரிசலான லைன் வீடுகள், காசநோய், வறுமை, இவையெல்லாம் சேர்ந்ததைத் தூசி ஒன்றின் மேல் ஏற்றலாமா என்பது அது. காரணங்கள் பல என்பதை மறுக்க முடியாது. ஆனால் அவை தனித்தனியாக நிற்பவையல்ல. சிலிக்கா படிந்த நுரையீரலில் காசநோய் எளிதாகப் பற்றும் என்பது மருத்துவத்தில் நிலைபெற்ற உண்மை. அடைசலான வீட்டைக் கொடுத்ததும் நிறுவனம்தான். பீடி மூச்சைக் கெடுக்கும், ஆனால் நுரையீரலில் சிலிக்கா முடிச்சுகளை உண்டாக்காது. நடைமுறையில் நடந்தது வேறு. மரணத்துக்குக் காரணம் ‘டி.பி.’ என்று எழுதினால் அது வீட்டு நோய், ‘சிலிகோசிஸ்’ என்று எழுதினால் வேலை நோய். இழப்பீடு எந்தப் பக்கம் சாயும் என்பது அந்த ஒரு சொல்லில் இருந்தது. சுரங்கச் சட்டத்தின் கீழ் சிலிகோசிஸ் அறிவிக்கப்பட வேண்டிய நோயானது 1952இல்தான்.

தங்கவயலுக்கு மருத்துவமனை இருந்தது, பள்ளிகள் இருந்தன, நாட்டின் பல நகரங்களுக்கு முன்பே மின்விளக்கு எரிந்தது என்பார்கள். எல்லாம் சரி. ஆனால் அந்த மருத்துவமனை சுரங்கத்தின் ஓர் உறுப்பு. விபத்தில் கால் முறிந்தால் சரிசெய்து திரும்ப இறக்கிவிடுவதில் அது தேர்ந்தது. இருபது ஆண்டு கழித்து வரும் நோய்க்கு, நோயாளி ஊழியராக இல்லாதபோது, அதன் கடமை தெளிவற்றுப் போனது. 2001இல் சுரங்கத்தோடு மருத்துவமனையும் மூடிக்கொண்டது, முன்னாள் தொழிலாளர்களுக்கு அது மிக அதிகமாகத் தேவைப்பட்ட ஆண்டுகளில். பாறை வெடிப்புகளுக்குப் பேர்போன அந்த ஊரில் 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் தொடங்கப்பட்டது. பாறையின் போக்கை ஆராய அங்கேயே ஒரு நிறுவனம் வந்தது, தொழிலாளியின் நுரையீரலை ஆராயும் தேசிய நிறுவனமோ அகமதாபாத்தில்.

இதற்கு மாற்று இருந்ததா என்றால், காலம் கடந்தாவது தென்னாப்பிரிக்காவில் நடந்ததைச் சொல்லலாம். அங்கும் கறுப்பினத் தொழிலாளர்கள் மூச்சு முட்டியதும் தொலைதூரக் கிராமங்களுக்கு அனுப்பப்பட்டார்கள், கணக்கு அங்கேயே புதைந்தது. ஆனால் முன்னாள் தொழிலாளர்கள் கூட்டாக வழக்காடியதில், 2018இல் தங்கச் சுரங்க நிறுவனங்கள் சுமார் 500 கோடி ராண்டுக்கு உடன்பட்டன. 1965 முதல் பணியாற்றியவர்களையும், இறந்துவிட்டவர்களின் குடும்பங்களையும் அது உள்ளடக்கியது. வேலையை விட்டு எத்தனை ஆண்டு ஆனாலும் நோயின் வேர் வேலையில் இருந்தால் பொறுப்பும் அங்கேதான் என்ற கொள்கையை அந்த உடன்பாடு நடைமுறையில் ஏற்றது. கோலாரில் பொறுப்பாளி யார் என்பதே சிக்கல். பிரிட்டிஷ் நிறுவனங்களிடமிருந்து 1956இல் மைசூர் அரசுக்கு, பிறகு மத்திய அரசுக்கு, 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற அரசு நிறுவனத்துக்கு என்று உரிமை கைமாறியது. தூசி மட்டும் ஒரே நுரையீரலில் தங்கியிருந்தது.

சுரங்கத்தை மூடியது தொழிலாளர்களின் உடம்புக்கு நல்லதாக முடிந்ததா என்றால், அதுவும் இல்லை. வேலை கெடுப்பதுபோல வேலையின்மையும் கெடுக்கும். மாதச் சம்பளம், ஒன்றாக இறங்கி ஒன்றாக ஏறிய கூட்டாளிகள், ஊரில் மதிப்பு, எல்லாம் ஒரே நாளில் போயின. காற்றடிக்கும் நாள்களில், தங்கம் பிரித்தெடுத்த பின் கொட்டிய கழிவுமணல் குவியல்களான சயனைடு மலைகளின் நுண்மணல் இப்போதும் லைன் வீடுகளுக்குள் இறங்குகிறது. சுரங்கத்தில் கால் வைக்காதவர்களும் அதைத்தான் சுவாசிக்கிறார்கள். முன்னாள் தொழிலாளர்களின் மகன்களும் மகள்களும் விடிவதற்கு முன்பே தங்கவயலின் மாரிக்குப்பம் நிலையத்தில் ரயிலேறி, கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு இரவில் திரும்புகிறார்கள். நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் வண்டியில் நின்றபடி போகும் அந்த உடம்புகள் முப்பது ஆண்டு கழித்து எப்படியிருக்கும் என்பதை எந்த நிறுவனமும் தன் கணக்கில் எழுதப்போவதில்லை.