செவிலியர் கல்வி வளர்ந்த கதை

நோயாளியைக் குணப்படுத்துகிறவர் யார் என்று கேட்டால், டாக்டர் என்று உடனே பதில் சொல்லிவிடுவோம். ஆனால் ஒரு நாளில் டாக்டர் கட்டிலருகே நிற்பது எவ்வளவு நேரம்? ஐந்து நிமிடம், மிஞ்சினால் பத்து நிமிடம். மீதி நேரமெல்லாம் நோயாளியின் மூச்சையும் நாடியையும் காய்ச்சலையும் கவனித்து, மருந்து கொடுத்து, புண்ணைக் கழுவி, படுக்கையை மாற்றி, நடந்ததையெல்லாம் குறித்து வைப்பவர் நர்ஸ் எனப்படும் செவிலியர். இந்த வேலைகளுக்கு ஒரு படிப்பு வேண்டும் என்று உலகம் ஒப்புக்கொண்டு இன்னும் 200 ஆண்டுகள் ஆகவில்லை. அந்தப் படிப்பு எப்படித் தோன்றியது, நம் கிராமங்களுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

செவிலி என்ற சொல் நமக்குப் புதியதன்று. சங்க இலக்கியத்தில் தலைவியை வளர்க்கும் தாய்க்குச் செவிலித்தாய் என்று பெயர். அந்தப் பழஞ்சொல்லையே தமிழ்நாட்டில் நர்ஸ் தொழிலுக்கு எடுத்துக்கொண்டோம். இலங்கையிலும் மலேசியாவிலும் தாதி என்கிறார்கள். பிரசவம் பார்க்க ஊருக்கு ஊர் மருத்துவச்சிகள் இருந்தார்கள். அவர்களிடம் கைப்பழக்கம் இருந்தது, துணிவும் இருந்தது. ஆனால் பத்துப் பிரசவத்தில் எத்தனை தாய் பிழைத்தாள், எத்தனை குழந்தை இறந்தது, ஏன் இறந்தது என்ற கணக்கு எங்கும் எழுதப்படவில்லை. கணக்கு இல்லாத இடத்தில் எது நல்ல வழக்கம், எது கெட்ட வழக்கம் என்று பிரித்தறிய முடியாது.

கணக்கிலிருந்து பிறந்த கல்வி

1854-ஆம் ஆண்டு. கிரிமியப் போரில் காயம்பட்ட ஆங்கிலச் சிப்பாய்கள் துருக்கியில் ஸ்கூடாரி என்ற இடத்து ஆஸ்பத்திரியில் குவிந்தார்கள். அவர்களைப் பேணுவதற்கு 38 பெண்களுடன் சென்றவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல். விளக்கேந்திய மங்கை என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். பாடத்தில் அதிகம் சொல்லப்படாத செய்தி ஒன்று உண்டு. அவர் போய்ச் சேர்ந்த பின்னும் சாவு குறையவில்லை. 1855 பிப்ரவரியில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 42 பேர் இறந்தார்கள். மார்ச் மாதத்தில் அரசு அனுப்பிய சுகாதாரக் குழு வந்து, கட்டடத்தின் அடியில் தேங்கிய சாக்கடையைச் சுத்தம் செய்து, காற்றோட்டத்துக்கு வழி செய்தது. ஜூன் மாதத்தில் இறப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 2 ஆகக் குறைந்தது.

போர் முடிந்து ஊர் திரும்பிய நைட்டிங்கேல் இந்தக் கணக்குகளை எடுத்து வைத்துக்கொண்டு ஆராய்ந்தார். சிப்பாய்களைக் கொன்றது பெரும்பாலும் குண்டுக் காயமன்று, அழுக்கினால் பரவிய நோயே என்று கண்டார். எண்களைப் படிக்கப் பொறுமையில்லாத மந்திரிகளுக்காக அவற்றை வட்ட வரைபடமாக வரைந்து காட்டினார். இந்த அனுபவத்தின்மேல் எழுந்ததுதான் 1860-இல் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் அவர் தொடங்கிய செவிலியர் பயிற்சிப் பள்ளி. அங்கே மாணவிக்குக் கற்பித்த முதல் பாடங்களில் ஒன்று, நோயாளியை உற்றுக் கவனித்து, கண்டதைக் கண்டபடி சொல்வது. நைட்டிங்கேல் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. ஆனால் இந்தியாவிலிருந்த படை முகாம்களின் சுகாதாரக் கணக்குகளைத் தருவித்து ஆராய்ந்தார். 1865-இல் இந்திய ஆஸ்பத்திரிகளில் செவிலியப் பணியை எப்படி அமைக்கலாம் என்று ஒரு திட்டமும் எழுதினார்.

உற்றுக் கவனிப்பதற்குக் கருவி வேண்டுமல்லவா? அந்தக் கருவியும் அதே காலத்தில்தான் கைக்கு வந்தது. அதுவரை காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி ஏறக்குறைய ஓர் அடி நீளம். அளவு நிலைப்பதற்கு 20 நிமிடம் ஆகும். 1860-களின் நடுவில் இங்கிலாந்தில் கிளிபர்டு ஆல்பட் என்ற டாக்டர், ஐந்து நிமிடத்தில் அளவு காட்டும் ஆறு அங்குல வெப்பமானியை உருவாக்கினார். 1868-இல் ஜெர்மனியில் வுண்டர்லிக், ஏறத்தாழ 25,000 நோயாளிகளின் உடல் வெப்பத்தைத் தொகுத்து வெளியிட்டார். காய்ச்சல் என்பது தனி நோயன்று, பல நோய்களின் அறிகுறி என்பது இதனால் தெளிவாயிற்று. இனி ஒரு நாளைக்குப் பல முறை வெப்பத்தை அளந்து தாளில் குறிக்க ஒருவர் தேவைப்பட்டார். அந்த வேலை செவிலியரிடம் வந்தது. கட்டில் முனையில் தொங்கும் காய்ச்சல் அட்டை, உண்மையில் ஓர் இயற்பியல் சோதனைக் குறிப்பேடுதான்.

தமிழ் மண்ணில்

லண்டனில் அந்தப் பள்ளி திறந்த மறு ஆண்டு, 1861-இல், சென்னையிலிருந்து வந்த ரயில் பாதை சேலத்தை எட்டியது. இன்றைய சேலம் சந்திப்பு சூரமங்கலத்தில் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். ரயில் ஓராண்டில் வந்தது. பயிற்சி பெற்ற செவிலியர் இந்தச் சமவெளியின் கிராமங்களுக்கு வந்து சேர மேலும் ஏறக்குறைய 100 ஆண்டுகள் ஆயின. ஏன் இந்தத் தாமதம்?

தொடக்கம் என்னவோ சீக்கிரமாகவே இருந்தது. சென்னையில் 1854-லேயே மருத்துவச்சிகளுக்குப் பயிற்சிப் பள்ளி ஏற்பட்டது. 1871-இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி தொடங்கியது. கற்பித்தவர்கள் இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள். கற்றவர்கள் ஏற்கெனவே பிரசவப் பயிற்சி முடித்தவர்கள். ஆனால் படிப்பு ஆங்கிலத்தில் இருந்தது. பெண்ணைப் பள்ளிக்கே அனுப்பத் தயங்கிய காலம் அது. அந்நியர் உடலைத் தொட்டுக் கழுவும் வேலை தாழ்ந்த வேலை என்ற எண்ணம் வேறு.

மொழித் தடையை உடைக்கலாம் என்று காட்டியவர் யாழ்ப்பாணத்தில் இருந்தார். 1847-இல் அங்கு வந்த அமெரிக்க டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவமனை நடத்தி, தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். பிரசவம் பற்றிய ஆங்கில நூல் ஒன்றை 1857-இல் தமிழில் வெளியிட்டார். கலைச்சொல் இல்லை என்று கைவிட்டு உட்காராமல் சொற்களை ஆக்கிக்கொண்டார்.

சமூகத் தடையின் விலை என்ன என்பதற்கு ஐடா ஸ்கடரின் வாழ்க்கை சான்று. 1890-களில் திண்டிவனத்தில், ஒரே இரவில் மூன்று பேர் வந்து, பிரசவத்தில் தவிக்கும் தம் மனைவியரைப் பார்க்க வருமாறு அவரை அழைத்தார்கள். அவரோ மருத்துவம் படிக்காத இளம் பெண். டாக்டரான தந்தை வருவார் என்றதற்கு, ஆண் டாக்டர் பார்க்கக் கூடாது என்று மூவரும் மறுத்துவிட்டார்கள். விடிவதற்குள் மூன்று தாய்மாரும் இறந்தார்கள். ஐடா அமெரிக்கா சென்று மருத்துவம் கற்று 1900-இல் திரும்பி வந்தார். வேலூரில் மருத்துவமனை எழுப்பினார். 1909-இல் செவிலியர் பள்ளி தொடங்கினார். பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை அவர் தொடங்கியது 1918-இல்தான் என்பதைக் கவனியுங்கள். டாக்டர்களை உருவாக்கும் முன்பே செவிலியரை உருவாக்கினார். 1946-இல் அங்கே பி.எஸ்ஸி. செவிலியப் பட்டப் படிப்பு தொடங்கியது. அதே ஆண்டில் டில்லியிலும் தொடங்கியது. நம் நாட்டில் இவையே முதல் பட்டப் படிப்புகள்.

இடையில் 1926-இல் சென்னை மாகாணம் செவிலியர், மருத்துவச்சியர் பதிவுச் சட்டம் இயற்றி, பயிற்சி பெற்றவர் யார், பெறாதவர் யார் என்று பிரித்தறிய வழி செய்தது.

ஊர் தோறும் ஒருவர்

1946-இல் வெளியான போர் குழு அறிக்கை நாட்டின் நிலையைப் படம்பிடித்தது. 43,000 பேருக்கு ஒரு செவிலியர். 60,000 பேருக்கு ஒரு பயிற்சி பெற்ற மருத்துவச்சி! 1947-இல் இந்திய செவிலியர் மன்றச் சட்டம் நிறைவேறியது. 1950-களில் துணைச் செவிலியர் என்ற குறுகிய காலப் பயிற்சியும், ஆரம்ப சுகாதார நிலையங்களும் வந்தன. 1973-இல் கர்த்தார் சிங் குழு, அம்மைக்கு ஒருவர், மலேரியாவுக்கு ஒருவர், பிரசவத்துக்கு ஒருவர் என்றில்லாமல், ஒரே பணியாளர் ஒரு குடும்பத்தின் எல்லாத் தேவைகளையும் கவனிக்கட்டும் என்று பரிந்துரைத்தது. இதன் பயனாக வந்தவரே கிராம சுகாதார செவிலியர். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம். சேர்வராயன் மலை, கொல்லிமலை போன்ற இடங்களில் 3,000 பேருக்கு ஒன்று என்பது கணக்கு.

தொட்டில் முதல் முதுமை வரை

இந்தச் செவிலியர் கற்கும் முதல் பாடங்கள் எளியவை போலத் தோன்றும். ஆனால் ஒவ்வொன்றின் பின்னும் ஓர் அறிவியல் விதி இருக்கிறது.

பிறந்த குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். எடையோடு ஒப்பிட்டால், அதன் உடற்பரப்பு பெரியவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. சூடான பெரிய அண்டாவைவிடச் சிறு டம்ளர் சீக்கிரம் ஆறுவது போல, சிசுவின் உடல் வெப்பம் விரைந்து போய்விடும். ஆகவேதான் பிறந்தவுடன் குளிப்பாட்டும் வழக்கத்தைச் செவிலியர் தடுக்கிறார். உலரத் துடைத்து, தாயின் மார்போடு அணைத்துப் போர்த்தச் சொல்கிறார். முதல் குளியல் ஒரு நாள் கழித்துத்தான். எடை 2.5 கிலோவுக்குக் குறைந்தால் தனிக் கவனம். கர்ப்பிணியின் இரத்த அழுத்தத்தை ஒவ்வொரு முறையும் அளப்பது, வலிப்பு வருமுன் அறிவதற்காக.

வாழ்வின் மறுமுனையில் படுத்த படுக்கையான முதியவர். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தது என்று பள்ளியில் படித்திருக்கிறீர்கள். இடுப்பெலும்பு, குதிகால் போன்ற சிறு பரப்புகள் உடலின் பாரத்தைத் தாங்கும்போது அங்கே அழுத்தம் மிகும். நுண்குழாய்களில் இரத்த அழுத்தம் ஏறத்தாழ 30 மில்லிமீட்டர் பாதரசமே. வெளி அழுத்தம் அதை மீறி நெடுநேரம் நீடித்தால் அந்த இடத்துக்கு இரத்தம் செல்லாது. சதை அழுகிப் படுக்கைப் புண் ஆகும். இரண்டு மணிக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வை என்ற பாடத்தின் பொருள் இதுதான். 2021-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நோய்த்தணிப்புச் செவிலியர் இப்பணிக்காக வீட்டுக்கே வருகின்றனர்.

சேலத்துப் பதிவேடு

கண்டதைக் கண்டபடி எழுது என்ற பாடம் எவ்வளவு பெரியது என்பதைச் சேலம் மாவட்டமே உலகுக்குக் காட்டியது. நாமக்கல் 1997 வரை இதே மாவட்டத்தில் சேர்ந்திருந்தது. 1991 மக்கள் தொகைக் கணக்கெடுப்பில், ஆறு வயதுக்குட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்குத் தமிழ்நாட்டில் 948 பெண் குழந்தைகள் இருந்தார்கள். சேலம் மாவட்டத்தில் 849 பேரே. பெண் சிசுக்கொலை ஊரறிந்த இரகசியம். 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் முதன்முதலில் தொடங்கப்பட்டது சேலத்தில்தான்.

ஆனால் எந்த ஊரில், எத்தனை சிசுக்கள்? எந்தக் காவல் நிலையத்திலும் இதற்கு விடை இல்லை. விடை இருந்தது ஆரம்ப சுகாதார நிலையங்களின் பதிவேட்டில். கர்ப்பிணிகளைப் பெயர் பெயராகக் குறித்து வந்த கிராம சுகாதார செவிலியருக்கு, நல்ல எடையோடு பிறந்த பெண் குழந்தை சில நாளில் இல்லாமற்போனால் தெரியாதா? அத்தகைய சாவுகள் 'சமூகக் காரணங்களால் நேர்ந்த மரணம்' என்ற பெயரில் பதிவாயின. அந்தப் பதிவேடுகளைக் கூட்டிப் பார்த்துத்தான் 1990-களின் நடுவில், எந்த மாவட்டங்களில், எந்த வட்டாரங்களில் கொடுமை மிகுதி என்பதை ஆய்வாளர்களும் அரசும் அறிந்தனர்.

எழுதியவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். ஏறத்தாழ 18 மாதப் பயிற்சி பெற்ற பெண். அதே ஊர்களில் நாளும் நடக்க வேண்டியவர். அந்த வீட்டுப் படிகளையே மறுநாளும் ஏற வேண்டியவர். வாந்திபேதி என்று எழுதிவிட்டால் அவருக்கு வம்பில்லை. ஸ்கூடாரியில் எடுத்த கணக்கு சாக்கடையைக் காட்டியது போல, இவர் எழுதிய கணக்கு நம் வீட்டுக்குள் இருந்ததைக் காட்டியது. 2011 கணக்கெடுப்பில் சேலத்தின் எண்ணிக்கை 900-ஐத் தாண்டியது. சட்டமும், பெண் கல்வியும், உதவித் திட்டங்களும் அதற்குக் காரணங்கள்; செவிலியரின் கணக்கும் ஒரு காரணம்.

மாநிலம் முழுதுக்குமான கணக்கையும் பாருங்கள். 1971-இல் தமிழ்நாட்டில் பிறந்த 1,000 குழந்தைகளில் 113 ஓராண்டுக்குள் இறந்தன. 2020-இல் அது 13.

மாணவ நண்பர்களே! தமிழ்நாட்டில் 1978-இல் மேல்நிலைக் கல்வி வந்தபோது தொழிற்பிரிவும் கூடவே வந்தது. அப்பிரிவில் செவிலியத்தையும் தமிழ் வழியில் படிக்கலாம். மேலே துணைச் செவிலியர் படிப்பு 2 ஆண்டு, பட்டயப் படிப்பு 3 ஆண்டு, பட்டப் படிப்பு 4 ஆண்டு. பெண்கள் மட்டுமன்றி ஆண்களும் பட்டயமும் பட்டமும் பெற்றுப் பணியாற்றுகிறார்கள். மதிப்பெண் குறைந்தவர்களுக்கான பிரிவு என்று யாரேனும் சொன்னால், அளத்தல், ஒப்பிடுதல், உண்மையை எழுதுதல் என்ற மூன்றும் எந்த அறிவியலுக்கும் அடிப்படை என்று அவருக்குச் சொல்லுங்கள். அடுத்த முறை கிராம சுகாதார செவிலியர் உங்கள் வீட்டுக்கு வந்து பதிவேட்டைத் திறந்தால், ஒரு நாற்காலி போட்டு, கேட்பதற்கெல்லாம் சரியான விடை கூறுங்கள்.