திறப்பு கையில், எஞ்சின் ஓட்டத்தில்

கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலடியில் ஒருவரை இறக்கிவிட்டு வெள்ளவத்தைக்குக் காரை ஓட்டுகிறீர்கள். திறப்போ இறங்கியவரின் பையில். பழைய காரில் இது நடக்காது. பட்டன் காரில் எச்சரிக்கை ஒலி வரும், கார் ஓடிக்கொண்டே இருக்கும். வெள்ளவத்தையில் நிறுத்திய பிறகு மறுபடி கிளம்பாது.

அக்குவா, பிரியஸ் போன்ற ஜப்பான் ஹைபிரிட் கார்கள் இந்தப் பட்டனை இங்கே சாதாரணமாக்கிவிட்டன. பிரேக்கை மிதித்துப் பட்டனை அழுத்தும்போது, திறப்பு உள்ளே இருக்கிறதா என்று கார் ரேடியோ அலையால் தேடுகிறது. திறப்பின் பற்றரி செத்துவிட்டால், அதற்குள் செருகியிருக்கும் உலோகத் திறப்பால் கதவைத் திறக்கலாம். பிறகு டொயோட்டாவில் திறப்பைப் பட்டனோடு ஒட்டிப் பிடித்து ஸ்டார்ட் செய்யலாம். ஏ9 வீதியில் இரவில் நின்றுபோக முன்னமே ஒருதரம் செய்து பாருங்கள்.

எனக்குப் பயம் வேறொன்றில். சோதனைச் சாவடியில் எஞ்சினை நிறுத்தி, திறப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கிப் பழகியவர்கள் நாங்கள். திறப்பு கையில் என்றால் எஞ்சின் நின்றுவிட்டது என்றே உடம்பு நம்பும். ஹைபிரிட் காரில் அந்த நம்பிக்கை ஆபத்து. சத்தமே இல்லாமல் நிற்கும் கார், பற்றரி குறைந்ததும் தானாக எஞ்சினை ஓடவிடும். வீட்டோடு ஒட்டிய மூடிய கராஜ் என்றால் மணமில்லாத காபன் மொனொக்சைட் படுக்கையறை வரை வரும். அமெரிக்காவில் பட்டன் கார்களை அணைக்க மறந்து இப்படிப் பலர் இறந்திருக்கிறார்கள்.

இறங்கமுன் டாஷ்போர்டில் 'ரெடி' விளக்கு அணைந்துவிட்டதா என்று பாருங்கள். வீட்டில் வயதானவர் ஓட்டுவதென்றால் நான் திருகும் திறப்புள்ள காரையே வாங்கச் சொல்வேன்.