தொடுவானமும் அகத்தியர் மலையும்: தென்திருவிதாங்கூர்க் கடலோரத்தின் தொலைவறி மரபு

நெய்யாற்றின்கரை வட்டத்துப் பெருங்கடவிளை, அகத்தியர் மலைக்கும் அரபிக் கடலுக்கும் இடைப்பட்ட ஊராகும். தமிழ் மரபு பொதிகையெனப் போற்றும் அம்மலை 1868 மீட்டர் உயரமுடையது. இலக்கியம் முனிவரின் இருப்பிடமாகக் கண்ட அதனைக் கடல்தொழிலாளர் இடங்காட்டும் குறியாகக் கொண்டனர். இதன் அடிப்படை வடிவியலில் அமைந்துள்ளது.

பார்வைக்கோடு கடற்பரப்பைத் தொடும் எல்லையே தொடுவானம். வடிவியல் அக்கோட்டைத் தொடுகோடு என்கிறது. தொடுபுள்ளியில் அதுவும் புவியின் ஆரமும் செங்கோணமாகச் சந்திப்பதால் பிதாகரசு தேற்றம் பொருந்தும். ஆரத்தை 6371 கி.மீ. எனக் கொண்டால், மீட்டரில் அமைந்த உயரத்தின் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கத் தொடுவானத் தொலைவு கி.மீ.இல் கிடைக்கும். காற்றில் ஒளி வளைவதால் உண்மைத் தொலைவு சற்றே மிகும்.

11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அல்பிரூனி, இன்றைய பாகிஸ்தானிலுள்ள நந்தனாவில் இவ்வுறவைத் தலைகீழாகப் பயன்படுத்தினார். மலையுயரத்தையும் தொடுவானம் தாழ்ந்து தோன்றும் கோணத்தையும் கொண்டு புவியின் ஆரத்தைக் கணித்தார். திருவிதாங்கூரில் வார்டு, கானர் ஆகியோர் 1816 முதல் 1820 வரை நில அளவை நடத்தினர். அவர்களிடம் கருவிகள் இருந்தன. கடல்தொழிலாளரிடம் கண்ணும் நினைவும் இருந்தன.

கரையிலுள்ள குறிகளை இவ்விரண்டாக நேர்க்கோட்டில் நிறுத்தி, அக்கோடுகள் வெட்டுமிடத்தில் மீன் மிகுந்த பாரினைக் கண்டறிவது 'கணியம்' எனப்படும். கடல்மட்டத்திற்கு 2 மீட்டர் மேலுள்ள கண்ணுக்குத் தொடுவானம் 5 கி.மீ. மட்டுமே. 20 மீட்டர் உயரத் தென்னையின் உச்சி ஏறத்தாழ 21 கி.மீ.இல் மறையும். அகத்தியர் மலைமுடியோ, வானம் தெளிந்திருப்பின், கணக்கின்படி 159 கி.மீ. வரை புலப்படும். விழிஞ்ஞம் கரைக்கும் மலைக்கும் இடைப்பட்ட சுமார் 40 கி.மீ.ஐக் கழித்தாலும் 100 கி.மீ.க்கு மேல் எஞ்சுகிறது. கரைக்குறிகள் ஒவ்வொன்றாக அமிழ, இறுதிவரை நிற்பது அம்மலையே. எனவே அது குறியானதற்கு அதன் உயரமும் ஒரு காரணமாகும்.

1956 நவம்பர் 1 அன்று கல்குளம், விளவங்கோடு முதலிய வட்டங்கள் சென்னை மாநிலத்தில் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் அமைந்தது. நிலத்தில் விழுந்த எல்லை கணியத்தைப் பிரிக்கவில்லை. இருபுறத்தாரும் அதே மலைத்தொடரையே நோக்கினர். செயற்கைக்கோள் வழிகாட்டிக் கருவி பரவியபின் கணியம் பார்க்கும் தேவை குறைந்துள்ளது. பாரின் ஆயத்தொலைவைக் கருவி காட்டும். குறிகளுக்கு முன்னோர் இட்ட பெயர்களைக் காட்டாது. முதியோர் நினைவிலுள்ள அப்பெயர்களை எல்லையின் இருபுறமும் தொகுத்தல் தமிழாய்வின் உடனடிக் கடமையாகும்.