வைகையை எதிர்த்து வந்த ஏடுகள்

மதுரைக்கு அருகே மாங்குளம் மலைக் குகைகளில் சமண முனிவர்கள் படுத்த கற்படுக்கைகள் இன்றும் இருக்கின்றன. அங்குள்ள தமிழ்-பிராமிக் கல்வெட்டுகள் சுமார் கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. உயிர் என்றால் என்ன, வினை அதில் எப்படி ஒட்டுகிறது என்றெல்லாம் நுணுக்கமாக வாதிட்டவர்கள் சமணர்கள். ஆனால் தமிழர் நினைவில் நின்றது அந்த வாதங்கள் அல்ல, பல நூற்றாண்டுகள் கழித்து வந்த நாலடியார்தான்!

அதைப் பற்றி ஒரு கதை உண்டு. பஞ்சம் பிழைக்க வந்த 8000 முனிவர்களைப் பாண்டியன் ஆதரித்தான். பஞ்சம் தீர்ந்ததும் அவர்கள் ஊர் திரும்ப விடை கேட்டார்கள். மன்னனுக்கு அனுப்ப மனமில்லை. ஆளுக்கொரு வெண்பா எழுதி வைத்துவிட்டு, இரவோடு இரவாகக் கிளம்பிவிட்டார்கள். கோபம் கொண்ட மன்னன் ஏடுகளை வைகையில் எறியச் சொன்னான். 400 ஏடுகள் மட்டும் வெள்ளத்தை எதிர்த்து வந்தனவாம்.

இது வரலாறு அல்ல, கதைதான். ஆனாலும் பொருத்தமான கதை. நாலடியாரின் முதல் மூன்று அதிகாரங்கள் செல்வமும் இளமையும் உடலும் நிலைக்காது என்கின்றன. ஏழாவது அதிகாரம் சினமின்மை. கோபத்தில் ஏட்டை எறிந்த மன்னனுக்குத் தேவையான பாடம் அந்த ஏட்டிலேயே இருந்தது!

கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த ஸ்டோயிக் தத்துவ அறிஞர் செனிகாவும் கோபத்தைப் பற்றித் தனி நூலே எழுதினார். ஸ்டோயிக்குகளுக்கும் பிரபஞ்சம் பற்றிய பெரிய கோட்பாடுகள் இருந்தன. ஆனால் இன்று அவர்களைப் படிப்பவர்கள் பெரும்பாலும் தேடுவது கோபத்தையும் இழப்பையும் தாங்கும் வழியைத்தான்.

அதற்காகத் தத்துவ விசாரணை வீண் என்று சொல்லிவிட முடியாது. நாலடியாரிலும் பழவினை என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. அந்த நம்பிக்கையின் மேல்தான் அறவுரை நிற்கிறது. ஆனால் பஞ்சத்தையும் சாவையும் பார்த்த மக்களுக்கு முதலில் உதவியது அறவுரைதான். அதனால்தான் அது பிழைத்தது.