தறிக்கு ஒரு மொழி, தெருவுக்கு ஒரு மொழி

மதுரையில் படித்த நமக்கெல்லாம் திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றியுள்ள தெருக்கள் நன்றாகவே தெரியும். வீட்டுக்குச் சுங்குடிச் சேலை வாங்கிப் போகாதவர் நம்மில் குறைவு. அந்தச் சேலைக்காரர்கள் வீட்டுக்குள் பேசுவது சௌராஷ்டிரம், குஜராத்திக்கு உறவான மொழி.

குஜராத்திலிருந்து புறப்பட்ட இந்தப் பட்டுநூல்காரர்கள் விஜயநகர நாட்டில் தங்கி, நாயக்கர் காலத்தில் மதுரைக்கு வந்தவர்கள். வழியில் தெலுங்கும் கன்னடமும் ஒட்டிக்கொண்டன. இங்கே தமிழ் சேர்ந்தது. வந்த ஊர் மொழி வீட்டு மொழியை விழுங்கிவிடும் என்பார்கள். இங்கே முந்நூறு வருஷத்துக்கு மேல் அப்படி நடக்கவில்லை. ஏன்?

ஒவ்வொரு மொழிக்கும் தனி வேலை இருந்ததுதான் காரணம் என்பது என் எண்ணம். தறிக்கும் அடுப்படிக்கும் சௌராஷ்டிரம். கடைத்தெருவுக்குத் தமிழ். பாட்டுக்குத் தெலுங்கு! தியாகராஜரின் சீடர் வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர் (1781–1874) சௌராஷ்டிரர். கீர்த்தனை இயற்றியதோ தெலுங்கிலும் சமஸ்கிருதத்திலும். அவர் வழி வந்த தியாகராஜர் கீர்த்தனைச் சுவடிகள் மதுரை சௌராஷ்டிர சபையில் காக்கப்பட்டன. நடனகோபால நாயகி சுவாமிகள் (1843–1914) சௌராஷ்டிரம், தமிழ் இரண்டிலும் பாடினார். சினிமாவில் தமிழ் உச்சரிப்புக்கே பேர் வாங்கிய டி.எம். சௌந்தரராஜன் வீட்டிலும் இதே மொழிதான். இரண்டு மொழி இருந்தால் இரண்டும் அரைகுறை ஆகும் என்பவர்கள் அவர் பாட்டைக் கொஞ்சம் கேட்கட்டும்.

எழுத்தின் கதை வேறு. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் டி.எம். ராமராய் சௌராஷ்டிர எழுத்தில் பாடப்புத்தகங்கள் அச்சிட்டார். ஆனாலும் பலருக்குத் தமிழ் எழுத்தே கைவந்தது. 2008இல் அந்த எழுத்து யூனிகோடில் ஏறியது. கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவன் என்ற முறையில் எனக்கு அதில் சந்தோஷம். ஆனா ஃபாண்ட் போட்டுட்டா ஆச்சா, பேச ஆள் வேண்டாமா?

2011 கணக்கெடுப்பில் இதைத் தாய்மொழி என்றவர்கள் சுமார் 2.47 லட்சம் பேர். சின்னத் தொகை இல்லை. கவலை வேறிடத்தில். பெங்களூரில் இருக்கும் என் வகுப்புத் தோழன் வீட்டில் பாட்டி சௌராஷ்டிரத்தில் கேட்கிறார், பேரன் தமிழில் பதில் சொல்கிறான். “புரியுதுடா அவனுக்கு, வாயிலதான் வரமாட்டேங்குது” என்கிறான் தோழன். அவன் அப்பாவோடு வீட்டுத் தறி நின்றுவிட்டது. தறிப் பேச்சும் அதோடு நின்றது.

நம் கல்லூரியில் படித்த, படிக்கும் சௌராஷ்டிர நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் தறி ஓட்டிய பெரியவர் இருந்தால், பாவு ஓட்டுவதிலிருந்து சேலை மடிப்பதுவரை ஒவ்வொன்றுக்கும் அவர் சொல்லும் வார்த்தையை செல்போனில் பதிவு செய்து வையுங்கள். தமிழ் எழுத்தில் எழுதினாலும் போதும்.