சான்சரி

இங்கிலாந்து உயர் நீதிமன்றத்தின் மூன்று பிரிவுகளுள் ஒன்று சான்சரி. லத்தீனில் ‘கான்செல்லி’ என்றால் கிராதி. ரோமானிய நீதிமன்றத்தில் அந்தக் கிராதியருகே நின்ற பணியாள் ‘கான்செல்லாரியஸ்’. அந்த எளிய பணியாளின் பெயர்தான் பின்னாளில் அரச முத்திரையை வைத்திருந்த பேரதிகாரிக்குச் ‘சான்சலர்’ என்று ஆனது. அவருடைய அலுவலகம் சான்சரி. குறுக்குக் கோடு போட்டு அடிக்கும் ‘கேன்சல்’கூட இந்தக் கிராதியின் வழிவந்ததே.

அலுவலகம் எப்படி நீதிமன்றமானது? இடைக்காலத்தில் ஒருவர் தம் நிலத்தை நண்பர் பெயருக்கு மாற்றி, “என் பிள்ளைகளுக்காக வைத்துக்கொள்” என்று சொல்லிவிட்டுப் போவார். பொதுச் சட்டத்தின் கண்ணில் நிலம் நண்பருடையதே. ஏமாற்றப்பட்ட பிள்ளைகளுக்கு வழக்காட வழியில்லை. அவர்கள் அரசருக்கு மனுப் போட்டார்கள். அரசர் அதைச் சான்சலரிடம் அனுப்பினார். மனச்சாட்சியை முன்வைத்து அவர் அளித்த தீர்ப்புகளில் பிறந்ததுதான் இன்றைய ‘டிரஸ்ட்’. ஆங்கிலச் சட்டத்தின் மிகச் சிறந்த கொடை இதுவே என்பேன். அதே மன்றம் பிறகு தாமதத்துக்குப் பேர்போனது. டிக்கன்ஸ் தம் ‘பிளீக் ஹவுஸ்’ நாவலில் அதை வெளுத்து வாங்கினார்.

1873, 1875ஆம் ஆண்டுச் சட்டங்கள் சான்சரியை உயர் நீதிமன்றத்தின் பிரிவாக்கின. உயில் தகராறு, நிலம், கம்பெனி, திவால், காப்புரிமை வழக்குகள் இங்கே வருகின்றன. ஒப்பந்தம், இழப்பீடு, அரசு முடிவுகளை எதிர்க்கும் வழக்குகள் கிங்ஸ் பெஞ்ச் பிரிவுக்கு. குடும்ப வழக்குகளுக்குத் தனிப் பிரிவு. மேல்முறையீடு அப்பீல் கோர்ட்டுக்கும், அதன்பின் 2009இல் தொடங்கிய உச்ச நீதிமன்றத்துக்கும் போகும். சான்சரிப் பிரிவின் அதிகாரம் இங்கிலாந்து, வேல்ஸ் எல்லைக்குள்தான். ஸ்காட்லாந்துக்குத் தனி நீதிமன்றங்கள் உண்டு.